மடை இல்லாத பாத்தி

அந்த வீட்டில் பெரியவளுக்குச் சோறு போட்டது அவளுடைய நாக்குதான். புருஷன் போய்ப் பதினொரு வருஷம். பிள்ளை இல்லை. பிறந்த வீடு என்று ஒன்று இருந்தது, கடைசியாக அவள் அங்கே போனபோது அவளுடைய அண்ணன் பையை வாங்கி உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே "எப்போ கிளம்புற?" என்று கேட்டான். ஆகவே கொழுந்தன் வீட்டில், அடுக்களைக்குப் பின்னால் விறகு அடுக்கியது போக மிச்சம் இருந்த இடத்தில் அவளுக்கு ஒரு கட்டில். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி. அவ்வளவுதான் அவள்.

ஆனால் உப்பளத்தில் கால் வைத்துவிட்டால் அவளே ராணி. காலையும் மாலையும் வரப்பு வரப்பாக நடந்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஆட்காட்டி விரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பாள். கண்ணை மூடுவாள். "இதுக்கு இன்னும் ரெண்டு நாள்." "இதுல உப்பு இறங்கிடுச்சு, நாளைக்கு வாரலாம்." "இது கசக்க ஆரம்பிக்குது, இப்பவே திறந்து விடுங்க." அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் விலை. கடல்நீரைத் தேக்கி, பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றிக் காயவிட்டால் முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு உப்பு படியும். உப்பு படிந்தபின் மிஞ்சுகிற தண்ணீர் கசப்பு. அதை நேரத்துக்கு மடை திறந்து கழிமுகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினால் கசப்பு உப்போடு ஏறிக்கொள்ளும். ஏறினால் இறங்காது. அந்த உப்பு காயவும் காயாது. குவித்து வைத்த இடத்தில் வியர்த்து ஒழுகும்.

பக்கத்து அளங்களில் இதற்கெல்லாம் கண்ணாடிக் குழல் வைத்திருந்தார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் எவ்வளவு கெட்டி என்று கோடு சொல்லும். கொழுந்தன் மட்டும் வாங்கவில்லை. "எங்க அண்ணி இருக்கும்போது எனக்கு எதுக்குய்யா கண்ணாடி?" என்பான். அதைக் கேட்கும்போது பெரியவள் வேறு எங்கோ பார்ப்பதுபோல நிற்பாள். காது மட்டும் அங்கேயே இருக்கும்.

மழை முடிந்து அளம் தொடங்குகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள். காய்ச்சல் போகும்போது நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எழுந்து நடமாடிய முதல் நாள் பாத்தியில் விரலை நனைத்து வாயில் வைத்தாள். தண்ணீர். இன்னொரு பாத்தி. தண்ணீர். கையளவு உப்பை அள்ளி வாயில் போட்டு மென்றாள். பல்லில் நறநறவென்றது, மணலை மென்ற மாதிரி. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி, தலை சுத்துதா?" என்று கேட்டார் மடைக்காரர்.

"இல்லண்ணே. ரெண்டு நாள் போகட்டும் இது."

அப்படித்தான் தொடங்கியது. கண்ணால் பார்த்தாள். பாத்தியின் நிறம் மாறுவது, உப்பு பூக்கிற அழகு, வரப்போரம் கட்டுகிற நுரை. விரலால் பார்த்தாள். கசப்புத் தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் எண்ணெய் போல வழுக்கும். வாயில் விரலை வைப்பது ஊருக்காக. அவளே அதிசயப்படும்படி எல்லாம் சரியாக நடந்தது. பாத்திக்குப் பாத்தி வெள்ளையாக, பொலபொலவென்று உப்பு. நாக்கு போனால் என்ன, இத்தனை வருஷத்தில் கண்ணும் விரலும் கற்றுக்கொள்ளாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் திமிரும் திரும்பி வந்தது.

மடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பம்பு கொட்டகையிலேயே குடியிருப்பு. பெண்டாட்டி எந்தக் காலத்திலோ விட்டுப் போனவள். மடைப்பலகையைத் தூக்குவதும் இறக்குவதும், கடல் ஏறுகிற நேரத்தில் தண்ணீரை உள்ளே விடுவதும் அவர் வேலை. இளவயதில் ஆறு பிறக்கிற மலையில் கல் உடைத்தவர். அதனால் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சை மலைக்குக் கொண்டுபோய்விடுவார்.

பெரியவள் எழுந்து நடமாடத் தொடங்கிய வாரத்திலேயே ஒரு மத்தியானம் கொட்டகை நிழலில் சோறு தின்றுகொண்டிருந்தபோது கூடை சுமக்கிற பெண்களில் ஒருத்தி ஆரம்பித்தாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளை வானொலி என்றே கூப்பிடுவார்கள்.

"இத்தனை வருஷமா வாருறோம், கடல்ல உப்பு குறையவே மாட்டேங்குதே. யாரு கொட்டுறா அதுல?"

"மீனுங்க எல்லாம் எங்கடி ஒண்ணுக்குப் போகும்?" என்றாள் இன்னொருத்தி.

"ஐய, சோத்துல கைய வெச்சிருக்கேன்!"

மடைக்காரர் கையை நக்கிவிட்டுச் சொன்னார். "மலையில இருந்து வருதும்மா."

"ஆரம்பிச்சிட்டாரு."

"கேளு. மழை பாறை மேல பெய்யுது. பெய்யப் பெய்யப் பாறைய நக்குது. பாறையில இருக்கிற உப்பு கொஞ்சம் கொஞ்சமா கரையுது. ஆறு அதைத் தூக்கிக்கிட்டு வந்து கடல்ல போடுது. கடலுக்கு அடியிலயும் வெந்நீர் ஊத்து இருக்காம், அதுவும் கக்குது. அப்புறம் வெயில் வருது. தண்ணியை மட்டும் மேல தூக்குது, உப்பை விட்டுட்டுப் போகுது. மேல போன தண்ணி மறுபடி மலைக்குப் போயி மழையா விழுந்து இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டு வருது. இப்படியே கணக்கில்லாத காலமா. நம்ம பாத்தி மாதிரிதான். ஒரே வித்தியாசம், கடலுக்கு மடை கிடையாது. வந்தது வந்ததுதான்."

"அப்போ ஆத்துத் தண்ணி ஏன் கரிக்கல?" என்று வானொலி கேட்டாள். "தினமும் அதைத்தானே பீப்பாயில கொண்டு வந்து குடிக்கிறோம்."

"உப்பு இருக்கு. நாக்குக்கு எட்டாத அளவு."

பெரியவள் தலையை நிமிர்த்தினாள். "யாரு நாக்குக்கு?"

"யாரு நாக்குக்கும்தான் தங்கச்சி. உங்க நாக்குக்கும்."

பெண்கள் "ஓ" என்று இழுத்தார்கள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. இல்லாத நாக்குக்காக ரோஷம் வருவது அவளுக்கே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அப்போது அப்படி இல்லை. "என் நாக்குக்குத் தெரியாத உப்பு உப்பே இல்ல. மலையில வெயில் பட்டு உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சு."

அவர் விடவில்லை. அடுத்த நாள் ஆற்றுத் தண்ணீரை மண்சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, வற்ற வற்ற இன்னும் ஊற்றி, ஒரு பகல் முழுக்க விறகைத் தின்னவிட்டுக் கடைசியில் சட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு. முகமெல்லாம் குறும்பு. "வெச்சுப் பாருங்க."

பெரியவள் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"வெறும் புழுதி" என்றாள். "சட்டியைக் கழுவி வெய்யுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். தோற்ற வருத்தம் என்று அவள் நினைத்தாள்.

இது நடந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு மடைக்காரருக்குக் கால் வீங்கியது. அளத்தில் நிற்கிறவர்களுக்குப் பாதம் வெடிப்பது சாதாரணம். வெடிப்பில் சீழ் பிடித்துக் கால் தூண் மாதிரி ஆகிவிட்டது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்த நாலு நாளும் வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாததால் பாத்திகளில் நிறமும் இல்லை. எல்லாம் ஈயப் பூச்சு மாதிரி இருந்தன. பெரியவள் குனிந்து குனிந்து பார்த்தாள். விரலைத் தேய்த்தாள். வழுக்குகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பலகையைத் தூக்கச் சொல்லலாமா என்று ஒரு நாள் நினைத்தாள். உப்பு முழுக்க இறங்காமல் திறந்துவிட்டால் பாதி விளைச்சல் கழிமுகத்துக்குப் போய்விடுமே என்று விட்டுவிட்டாள். மேகத்தில் எங்கே காயப்போகிறது என்றும் நினைத்தாள். ஆனால் காற்று இருந்தது. காற்றும் தண்ணீரைக் குடிக்கும்.

ஐந்தாம் நாள் வாரினார்கள். மொத்தம் பத்தில் ஒன்பது பாத்தி உப்பு; பத்தாவதில் உப்பு இன்னும் இறங்கி முடியவில்லை. குவியலின் அடியில் அன்று காலையே தண்ணீர் கசிந்தது. கொழுந்தன் ஒரு உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டான். துப்பினான். மறுபடி துப்பினான். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டான்.

வாங்க வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அதன் புழுதி அடங்குகிற வரைக்கும் கொழுந்தன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். கத்தியிருந்தால் அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"அண்ணி. இது எப்படி ஆச்சு?"

பக்கத்தில் அவன் பெண்டாட்டி சின்னவள் நின்றாள். பின்னால் கூடைப் பெண்கள். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காலில் கட்டோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார் மடைக்காரர்.

"உங்களால முடியலன்னா சொல்லிடுங்க" என்றான் கொழுந்தன். "தப்பில்ல. வயசாகுது. நான் கண்ணாடிக் குழல் ஒண்ணு வாங்கிக்கிறேன். உங்கள உங்க அண்ணன் வீட்டுல கொண்டு போய் விட்டுடுறேன்."

பெரியவளுக்கு அண்ணன் வீட்டு வாசல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கே ஒன்பது பாத்தியும் திறந்து விட்டுட்டுப் போங்கன்னு மடைக்காரர்கிட்ட சொன்னேன். திறந்திருப்பார்னு இருந்துட்டேன்."

மடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி?"

"சொன்னேனா இல்லையா அண்ணே? கால் வலியில காதுல வாங்கல போல."

"நீங்க சொல்லல."

"பாத்தீங்களா, சொல்லலங்கிறாரு" என்று அவள் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "முதலாளி, இன்னொருத்தர் சோத்துல மண்ணைப் போடக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்போ என் சோத்துல விழுது. தங்கச்சிக்கு நாக்கு போயிடுச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் அவங்களுக்கு ஒரு ருசியும் தெரியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நம்பலன்னா இப்பவே பாருங்க. மூணு டம்ளர். ரெண்டுல பத்தாவது பாத்தித் தண்ணி, ஒண்ணுல கசப்பு. விரலை உள்ள விடக் கூடாது. குடிச்சு எது கசப்புன்னு சொல்லட்டும். சொல்லிட்டா நான் இப்படியே போயிடுறேன்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் முகத்தில் எதையோ தேடினான். "போயி மொண்டுக்கிட்டு வா" என்று பெண்டாட்டியிடம் சொன்னான்.

சின்னவள் மூன்று டம்ளரையும் கொண்டுவந்து திண்டில் வைத்தாள். மூன்றும் ஒரே தெளிவு. ஓடிப்போக நாலு திசையும் திறந்துதான் கிடந்தது, வெட்டவெளி. "பாவம், காய்ச்சல்ல கிடந்த உடம்பு. நிக்க வெச்சு விசாரிக்கிறீங்க. உக்காருங்கக்கா" என்று சின்னவள் பெரியவளை ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்காரவைத்துப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் டம்ளர். ஒரு மிடறு. தண்ணீர். தோளில் சின்னவளின் கை சும்மா கிடந்தது. இரண்டாவது டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். தோளில் நகம் இறங்கியது. ஐந்து நகமும். துணியைத் தாண்டித் தோலுக்குள்.

அந்த ஒரு நொடியில் பெரியவளுக்கு எல்லாம் புரிந்தது. இவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகவோ தெரியும்.

"தூ!" என்று துப்பினாள். முகத்தைச் சுளித்தாள். நாக்கை வெளியே நீட்டி முந்தானையால் துடைத்தாள். "இதான். மூணாவதைக் குடிக்கவே தேவையில்ல."

"ரெண்டாவதுதான்" என்றாள் சின்னவள். "நான்தானே ஊத்தினேன்."

கூடைப் பெண்கள் கைதட்டினார்கள். "நாக்குன்னா இதுல்ல நாக்கு!" என்றாள் வானொலி. மடைக்காரர் இரண்டாவது டம்ளரை எடுத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கசப்புதான். நம்ப முடியாமல் கீழே வைத்தார்.

"அன்னிக்குச் சட்டியில…" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு அந்தச் சட்டியில நான் நம்ம குவியல்ல இருந்து ஒரு பிடி உப்பு அள்ளிப் போட்டிருந்தேன். விளையாட்டுக்கு. வாயில வெச்சதும், 'யோவ் திருட்டுக் கிழவா, இது நம்ம உப்பு'ன்னு நீங்க திட்டணும்னு. நீங்க புழுதின்னீங்க தங்கச்சி. உப்பை வாயில வெச்சுக்கிட்டுப் புழுதின்னீங்க. அதுக்கப்புறம் உங்க பேச்சைக் கேட்டு நான் ஒரு மடையும் திறக்கல. நீங்க நாளைக்குன்னா நான் ருசி பாத்து இன்னிக்கே திறந்தேன். நீங்க இன்னிக்குன்னா நாளைக்குத் திறந்தேன். ரெண்டு மாசமா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, நீங்க வீட்டுக்குப் போனப்புறம்."

பெரியவளுக்கு அந்த இரண்டு மாதமும் கண்ணில் ஓடியது. வெள்ளை வெள்ளையாக அத்தனை பாத்திகள். கண்ணும் விரலும் எதையும் கற்றுக்கொண்டிருக்கவில்லை. ஒரு மனிதர் அவளுக்காகக் குனிந்து குனிந்து பலகை தூக்கியிருக்கிறார்.

"என்ன அண்ணி சொல்றாரு இவரு?" என்றான் கொழுந்தன்.

சொல்லியிருக்கலாம். தோளில் இருந்த கை இன்னும் எடுக்கப்படவில்லை. அதுவும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் பெரியவள். "என் பேச்சைக் கேட்டு ஒரு மடையும் திறக்கலன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இஷ்டத்துக்குத் திறந்திருக்காரு, இஷ்டத்துக்கு மூடியிருக்காரு. ஒன்பது பாத்தி எப்படிப் போச்சுன்னு இன்னும் யாரைக் கேக்கணும்?"

கொழுந்தனுக்கு அது போதுமானதாக இருந்தது. யார்மேலாவது இறக்கிவைக்க வேண்டிய கோபம்; இறக்கிவைக்க இடம் கிடைத்தது. "மூட்டையைக் கட்டுய்யா. வெயில் தாழுறதுக்குள்ள கொட்டகை காலியாகணும்" என்றான். மடைக்காரர் வாதாடவில்லை. பெரியவளைப் பார்த்தார். வெறுப்போடு பார்த்திருந்தால் அவள் பதிலுக்கு வெறுத்திருப்பாள். அன்றைக்குச் சட்டியை எடுக்குமுன் பார்த்த மாதிரிதான் பார்த்தார்.

"அண்ணி, உங்களுக்கும்தான்" என்றான் கொழுந்தன் போகும்போது. "பத்தாவது பாத்தி ஒண்ணுதான் மிச்சம். அதுவும் கசந்துச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன்."

மத்தியானம் அடுக்களையில் சின்னவள் தட்டைத் தள்ளிவைத்தாள். சோறும் குழம்பும்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள் பெரியவள்.

"உடம்பு தேறின வாரமே. குழம்புல உப்பு போட மறந்துட்டேன். அவரு தட்டைத் தூக்கி எறிஞ்சாரு. நீ ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்ன."

நீங்க என்பது நீ ஆகியிருந்ததைப் பெரியவள் கவனித்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

"அதுக்கப்புறம் உனக்குன்னு உப்பு போடறதே இல்லக்கா. எதுக்கு வீணா?" சின்னவள் சிரித்தாள். "ஒருநாள் பாத்திரம் கழுவின தண்ணியில வெச்சுக் குடுத்தேன். அன்னிக்குக் குழம்பு பிரமாதம்னியே, ஞாபகம் இருக்கா?"

பெரியவள் தட்டைப் பார்த்தாள். கை சோற்றில் இருந்தது. எடுக்கவில்லை.

"ஏன் காப்பாத்தின?"

"உன்ன அனுப்பிட்டா விறகு யாரு வெட்டுறது, தண்ணி யாரு தூக்குறது? இனிமே மடை வேலையும் நானே பாத்துக்கிறேன்னு சாயங்காலம் அவர்கிட்ட நீயா சொல்லிடு. நான் சொன்னதா வேண்டாம்."

"சரி" என்றாள் பெரியவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னவளே, பத்தாவது பாத்தியை நீ வந்து ருசி பாத்துச் சொல்லணும். எனக்கு மட்டும் சொல்லு, போதும்."

"எனக்கென்ன தெரியும்? குழம்புல உப்பு பத்துமா பத்தாதான்னு கேளு, சொல்றேன். பாத்தித் தண்ணி எனக்கு எல்லாமே குமட்டுது. அது உன் பாடு." தட்டைத் தட்டிக் காட்டினாள். "தின்னு, ஆறிடப் போகுது."

வெயில் சாய்ந்தபோது பெரியவள் பத்தாவது பாத்தியின் வரப்பில் நின்றாள். வானம் வெளுத்திருந்தது. நாலு நாள் மேகத்துக்கும் சேர்த்து வெயில் அடித்தது. பாத்தியின் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீர், கணுக்கால் உயரம்கூட இல்லை. திறக்கவேண்டியது இன்றைக்கா, நாளைக்கா, நேற்றா?

மடைக்காரர் கொட்டகையிலிருந்து வந்தார். ஒரு மூட்டை, ஒரு தடி. வெளியே போக வரப்புதான் வழி. வீங்கிய காலை இழுத்து இழுத்து நடந்தார். அவர் நடந்த வேகத்துக்கு மனசாட்சி உள்ள யாரும் ஓடிப்போய்க் காலில் விழுந்து எழுந்து வந்திருக்கலாம். அவ்வளவு நேரம் இருந்தது. பெரியவள் விலகி வழி விட்டாள். அவர் கடந்து பத்தடி போனபிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"அண்ணே."

நின்றார்.

மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்படித்தான் அவள் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொண்டாள். வெளியே வந்தது வேறு.

"இந்தப் பாத்தியை எப்போ திறக்கணும்?"

மடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மூட்டையை வரப்பில் இறக்கினார். தடியை ஊன்றி, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, முனகலோடு குனிந்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தாள். புருவம், உதட்டோரம், தொண்டை எழும்பி இறங்கியது எல்லாம். எதிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் எழுந்தார். விரலைச் சட்டையில் துடைத்தார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். நடந்தார்.

"அண்ணே! இன்னிக்கா? நாளைக்கா? அண்ணே!"

தடி வரப்பில் ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றது. பெரியவள் மடைப்பலகையின் மேல் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். வெயில் பாத்தியிலிருந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டே இருந்தது.